வீட்டுப் பட்டறைக்கு அளவுக் கருவிகள்: எதை வாங்குவது, எதை நம்புவது?

கானாடுகாத்தான்_கடைசல்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டின் பின்கட்டில் சின்ன லேத் ஒன்றும் டிரில்லிங் மெஷினும் போட்டு வேலை ஆரம்பித்திருக்கிறேன். பெரிய வேலை எதுவும் இல்லை. பழைய தேக்குக் கதவுகளுக்குப் பித்தளைக் குமிழ், கீலுக்கு ஊசி, தண்ணீர் மோட்டாருக்குப் புஷ், கிரைண்டர் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடத்தைச் சரி செய்வது என்று வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் வேண்டியதுதான்.

கையில் இருப்பது ஒரு ஸ்டீல் ஸ்கேலும், ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஒரு டிஜிட்டல் வெர்னியரும். அதில் 0.01 மி.மீ. வரை எண் ஓடுகிறது. ஆனால் ஒரே ஷாஃப்ட்டை ஒரே இடத்தில் வைத்தாலும் ஒருமுறை 19.96, அடுத்த முறை 20.01, அப்புறம் 19.98. எதை நம்பிக் கடைவது?

பதினைந்தாயிரம் ரூபாய் வரை ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். நல்ல வெர்னியர் வாங்குவதா, மைக்ரோமீட்டரா, டயல் கேஜா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் மரப்பெட்டியோடு இஞ்ச் மைக்ரோமீட்டர் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். அதை எடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

புதுவயல்_டர்னர்:

தம்பி, கருவியின் பெயரை எடுப்பதற்கு முன்னால் உங்கள் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். குமிழ், கீல் ஊசி, புஷ்ஷின் நீளம் எல்லாம் 0.1 மி.மீ. கூடக்குறைய இருந்தால் குடி முழுகிப் போகாது. அதற்கு ஒரு நல்ல வெர்னியர் போதும்.

பேரிங் உட்காரும் இடம் அப்படி இல்லை. 6204 என்ற எண் போட்ட பேரிங்கின் உள் விட்டம் 20 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு கே6 (எவ்வளவு கூடக்குறையலாம் என்று சொல்லும் குறியீடு) என்று வரைபடத்தில் போட்டிருந்தால் அது 20.002-க்கும் 20.015-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மொத்த இடைவெளியே 13 மைக்ரான், அதாவது மி.மீ.யில் ஆயிரத்தில் 13 பங்கு. உங்கள் வெர்னியர் ஒரே ஷாஃப்ட்டுக்கு 50 மைக்ரான் ஆடுகிறது. அதை வைத்துக் கடைந்தால் ஒன்று பேரிங் ஷாஃப்ட்டில் வழுக்கிச் சுற்றும், இல்லையென்றால் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டி வந்து உள்ளே ஓடுபாதையில் உருண்டைத் தடம் விழும். கொஞ்ச நாளில் சத்தம் கேட்கும்.

ஆகவே முதல் செலவு மைக்ரோமீட்டர். 0-25 மி.மீ. அளக்கும் ஒன்று கண்டிப்பாக வேண்டும். 6205 வேலையும் வரும் என்றால் 25-50 ஒன்றும் வேண்டும். அதன் ஷாஃப்ட் 25 மி.மீ. கடைசி வெட்டுக்கு முன்னால் 25.3, 25.1 என்று நிற்கும்போதுதான் அளவு முக்கியம், அந்த இடத்தில் 0-25 கையை விரித்துவிடும். 25-50 வாங்கும்போது சுழி பார்க்க உதவும் 25 மி.மீ. செட்டிங் ராட் கூடவே வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரைஸ் மில் ஷாஃப்ட் வேலைகளில் என் கை அதிகம் போவது அந்த 25-50-க்குத்தான்.

தேவகோட்டை_பிசிக்ஸ்:

டர்னர் அண்ணன் சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். பள்ளியில் மீச்சிற்றளவு என்று படித்திருப்போம். அது கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய படி, அவ்வளவுதான். திரையில் 0.01 ஓடுவதால் அளவு 0.01 வரை சரி என்று ஆகிவிடாது. நல்ல நிறுவனங்களின் 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியருக்கே தயாரிப்பாளர்கள் கூட்டியோ குறைத்தோ 0.02 மி.மீ. என்றுதான் உத்தரவாதம் தருகிறார்கள். அதுவும் பிடிக்கிறவர் சரியாகப் பிடித்தால்.

வெர்னியர் ஏன் ஆடுகிறது? அதன் அளவுகோல் மேலே இருக்கிறது, பொருளோ கீழே தாடைக்கு நடுவில் இருக்கிறது. நகரும் தாடைக்குக் கொஞ்சம் தொய்வு இருந்து, ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்தால்கூட, அளவுகோலிலிருந்து 40 மி.மீ. தள்ளித் தாடை நுனியில் அளந்தால் 0.04 மி.மீ. பிழை வந்துவிடும். அளக்கும் கோடும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே 1890-இல் சொன்ன விதி இதுதான். மைக்ரோமீட்டரில் திருகும் பொருளும் ஒரே கோட்டில் வருகின்றன. அதனால் திருகு கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அது வெர்னியரை விட நம்பகம். 0.5 மி.மீ. புரியிடைத் தூரம், தலைக்கோலில் 50 பிரிவு, ஆக 0.01. பழைய பாடம்தான், ஆனால் பாரிஸில் பால்மர் 1848-இல் காப்புரிமை வாங்கிய அந்த அமைப்பு இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

இப்போது கையில் இருக்கும் வெர்னியரைத் தூக்கிப் போட வேண்டாம். தாடை நுனியில் அளக்காமல், பொருளை மேலே அளவுகோலை ஒட்டி உள்ளே தள்ளி வைத்து, கட்டைவிரலால் லேசாக மட்டும் அழுத்திப் பாருங்கள். ஆட்டம் பாதியாகக் குறையும்.

கோட்டையூர்_தச்சு:

எல்லாரும் மைக்ரான் பேசுகிறீர்கள், மரவேலைக்காரன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கதவு வேலையும் செய்கிறேன் என்று தம்பி எழுதியிருக்கிறாரே.

மரத்துக்கு அரை மி.மீ. பார்ப்பதே போதும், பொருத்து வேலையில் 0.1. அதற்கு மேல் பார்த்துப் பயன் இல்லை. சித்திரை வெயிலில் 0.05 பார்த்து இழைத்த பலகை ஐப்பசி மழைக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம் அகலம் மாறியிருக்கும். பர்மா தேக்கு மற்ற மரத்தை விட அடக்கமானதுதான், இருந்தாலும் அதுவும் ஊறும், சுருங்கும். எங்கள் ஆட்கள் இன்னமும் நூல் கணக்கில்தான் பேசுவார்கள். எட்டு நூல் ஒரு இஞ்ச், ஒரு நூல் என்பது 3 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட.

மரவேலையில் ஆளைக் கவிழ்ப்பது நீளம் இல்லை, மூலை. மூலை மட்டம் சரியில்லை என்றால் நிலைக்குள் கதவு உட்காரவே உட்காராது. மட்டம் சரியா என்று பார்க்கச் செலவே இல்லை. ஓரம் நேராக இழைத்த பலகையில் மூலை மட்டத்தை வைத்து மெல்லிய கத்தியால் ஒரு கோடு கீறுங்கள். அப்புறம் மட்டத்தைப் புரட்டிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. பிரிந்தால், பிரிவில் பாதிதான் மட்டத்தின் பிழை. கடையிலேயே இதைச் செய்து பார்த்து வாங்கலாம், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். ரசமட்டமும் அப்படித்தான், ஒரே இடத்தில் திருப்பி வைத்துக் குமிழி அதே கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பள்ளத்தூர்_தரம்:

நான் ஒரு ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஊர் பள்ளத்தூர், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். நாள் முழுக்க அளப்பதுதான் தொழில். அண்ணன்கள் சொன்னதோடு கை வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். எங்களிடம் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

மைக்ரோமீட்டரை எடுத்ததும் அளக்காதீர்கள். இரண்டு முகங்களுக்கும் நடுவில் சுத்தமான வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, லேசாக மூடி, தாளை மெதுவாக இழுத்து வெளியே எடுங்கள். முகத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய், தூசி எல்லாம் தாளோடு வந்துவிடும். தாள் கிழிந்து நார் ஒட்டிக்கொண்டால் அதையும் ஊதித் துடைத்துவிடுங்கள். பிறகு கடைசியில் இருக்கும் சின்னத் திருகான ராட்செட்டைப் பிடித்து மூடி, 'டிக் டிக்' என்று இரண்டு மூன்று முறை சத்தம் வந்ததும் நிறுத்திச் சுழியைப் பாருங்கள். சுழிக்கோடு நடுக்கோட்டுக்குக் கீழே நின்று 0.01 காட்டினால், அளந்ததிலிருந்து 0.01-ஐக் கழிக்க வேண்டும். இல்லை, பெட்டியில் வரும் கொக்கிச் சாவியால் ஸ்லீவை (நடுக்கோடு போட்ட உள் குழாயை)த் திருப்பிச் சரி செய்துவிடலாம், அது சின்ன வேலைதான்.

தம்பிளை (சுழலும் தலைக்கோலை)ப் பிடித்து இறுக்கி அளக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். திருகுக்குப் பலம் அதிகம். கொஞ்சம் இறுக்கினாலே சட்டம் விரிந்து அளவு குறைந்து காட்டும். ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு அழுத்தம், அதைச் சமப்படுத்தத்தான் ராட்செட். பொருளிலும் பிசிறு இருக்கக் கூடாது. கடைந்த ஓரத்தில் நிற்கும் பிசிறு ஒன்றே 0.05 கூட்டிக் காட்டிவிடும்.

ஷாஃப்ட்டை ஒரே இடத்தில் அளந்துவிட்டு முடிக்காதீர்கள். பேரிங் உட்காரும் நீளத்தில் இந்த முனை, நடு, அந்த முனை. ஒவ்வொரு இடத்திலும் ஷாஃப்ட்டைக் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை. அப்போதுதான் கூம்பாகப் போகிறதா, நீள்வட்டமாக இருக்கிறதா என்று தெரியும்.

கானாடுகாத்தான்_கடைசல்:

மிக்க நன்றி. தாள் விஷயம் எனக்குப் புதிது. மைக்ரோமீட்டர் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே எதை வைத்துச் சோதிப்பது? துல்லிய அளவில் தேய்த்த எஃகுக் கட்டைகளான ஸ்லிப் கேஜ் செட் விலையைப் பார்த்தேன், என் பட்ஜெட்டுக்கு ஆகாது.

பள்ளத்தூர்_தரம்:

வீட்டுக்கு ஸ்லிப் கேஜ் செட் தேவையில்லை அண்ணே. நல்ல நிறுவனத்தின் புது பேரிங் ஒன்று வாங்கி, எண்ணெய் போட்டுப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தரத்தில் 6204-இன் வெளி விட்டம் 47 மி.மீ. அதிலிருந்து அதிகபட்சம் 11 மைக்ரான்தான் குறையலாம், கூடக் கூடாது. 6205 என்றால் 52, குறைவு 13 மைக்ரான் வரை. 25-50 மைக்ரோமீட்டருக்கு 6204 நல்ல சோதனை. 46.99-க்கும் 47.00-க்கும் நடுவில் காட்டினால் மனம் நிம்மதியாக வேலை பார்க்கலாம். வெர்னியரைச் சோதிக்கவும் இதுவே போதும். ஆனால் பேரிங்கின் அகலத்தை வைத்துச் சோதிக்காதீர்கள், அதற்கு 0.12 மி.மீ. வரை குறையலாம் என்று விட்டிருப்பார்கள்.

0-25-க்குச் சுழியைப் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு அளவையும் பார்ப்பது நல்லது. அதே பேரிங் கம்பெனிகளின் ஊசி உருளைகள் தனியாகக் கிடைக்கின்றன, அவை மைக்ரான் கணக்கில் தேய்த்தவை.

இன்னொன்று. பேர்பெற்ற ஜப்பான் கம்பெனி வெர்னியருக்குச் சந்தையில் போலி நிறைய. பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசல் அப்படியே இருக்கும். விலை பாதிக்கும் கீழே என்றால் ஒதுங்கிவிடுங்கள். அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குங்கள். போலியை விட, தன் பெயரிலேயே விற்கும் ஒரு நடுத்தர இந்திய பிராண்டு எவ்வளவோ மேல்.

புதுவயல்_டர்னர்:

தங்கச்சி சொன்ன பேரிங் யோசனை அருமை. அந்தப் பழைய இஞ்ச் மைக்ரோமீட்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன்.

பர்மா, மலேயா என்று போய் வந்தவர்கள் கொண்டுவந்த பழைய இங்கிலாந்து, அமெரிக்கக் கருவிகள் நம் பக்கத்து வீடுகளில் நிறைய இருந்தன. வீடு பிரிக்கும்போது அவை பழைய சாமான் கடைக்கு வருகின்றன. எஃகு அருமையாக இருக்கும். ஆனால் அழகுக்காக வாங்கக் கூடாது. முகம் இரண்டையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மூடிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் ஒளி கசிந்தால் முகம் தேய்ந்துவிட்டது. தம்பிளைச் சுழற்றிப் பாருங்கள், நடுவில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால் திருகில் துரு. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துத் தொய்வு தெரிந்தால், பின்னால் இருக்கும் சரிசெய்யும் நட்டைக் கொஞ்சம் திருப்பினால் போய்விடும், அது குறை இல்லை.

இஞ்ச் கணக்கில் 40 புரி, 25 பிரிவு, ஒரு பிரிவு ஆயிரத்தில் ஒரு இஞ்ச். மி.மீ.யில் 0.0254. நம் பேரிங் வேலைக்கு அந்தப் படியே பெரிது. பழைய இங்கிலாந்து மோட்டார், எண்ணெய் எஞ்சின் வேலை வந்தால் மட்டும் பயன்படும். முதல் மைக்ரோமீட்டராக அதை வாங்காதீர்கள். மி.மீ.யில், ஸ்லீவில் வெர்னியர் கோடு போட்டு 0.001 வரை வாசிக்கும் மாடல் கிடைத்தால் அதை எடுங்கள்.

ஆத்தங்குடி_கல்:

நடுவில் புகுந்து ஒரு கேள்வி. எங்களுக்குத் தரைக்கல் வேலை. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சில் வண்ணம் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி எடுக்கிறோம். தடிமன் 20 மி.மீ., அரை மி.மீ. கூடக்குறைய இருக்கலாம் என்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கல்லையும் வெர்னியரில் பார்த்தால் நேரம் ஆகிறது, மணல் பட்டு வெர்னியரின் தாடையும் போய்விடுகிறது. வேறு வழி உண்டா?

புதுவயல்_டர்னர்:

உங்களுக்கு வெர்னியரே வேண்டாம். அரை இஞ்ச் தடிமன் இரும்புப் பட்டையில் இரண்டு வாய் வெட்டுங்கள், ஒன்று 20.5, இன்னொன்று 19.5. கல் பெரிய வாய்க்குள் போக வேண்டும், சின்ன வாய்க்குள் போகக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. எழுத்துப் படிக்கத் தெரியாத ஆள்கூட நொடியில் பார்த்துவிடுவார். மணல் அரித்து வாய் பெரிதானால் மாதம் ஒருமுறை வெர்னியரில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். வெர்னியர் ஆபீஸ் அலமாரியிலேயே இருக்கட்டும்.

பள்ளத்தூர்_தரம்:

எங்கள் தொழிற்சாலையிலும் பாதிச் சோதனை இப்படிப் 'போகும், போகாது' கேஜில்தான். ஆத்தங்குடி அண்ணன் கண்ணாடி என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. வீட்டுப் பட்டறைக்குச் சமதளத் தட்டு வேண்டும், கிரானைட் தட்டு விலை அதிகம், தூக்குவதும் கஷ்டம். 12 மி.மீ. தடிமன் ஃப்ளோட் கண்ணாடி ஒரு துண்டு வாங்கி, ஓரம் மழுக்கி, அசையாத மேஜை மேல் மெல்லிய ரப்பர் ஷீட்டில் போட்டு வையுங்கள். குறியிடவும், பட்டையின் வளைவு பார்க்கவும், டயலோடு உயரம் ஒப்பிடவும் வீட்டுக்குத் தாராளம். கண்ணாடி தன் எடையிலேயே வளையும், அதனால் நடுவில் தாங்கல் இல்லாமல் இரண்டு ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள். கனமான இரும்பை அதன் மேல் போட்டுத் தட்டும் வேலையும் ஆகாது.

கானாடுகாத்தான்_கடைசல்:

0-25 மைக்ரோமீட்டர், 0.001 வாசிக்கும் மாடல், வாங்கிவிட்டேன். பேரிங்கும் வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது வேறொரு குழப்பம். காலையில் கடைந்து 20.012 என்று அளந்த ஷாஃப்ட், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் 20.005. மைக்ரோமீட்டர் சுழி மாறவில்லை. என்ன காரணமாக இருக்கும்?

தேவகோட்டை_பிசிக்ஸ்:

சூடு. கடைந்து முடித்த கையோடு அளந்திருப்பீர்கள்.

கணக்கைப் பாருங்கள். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 11.5 மைக்ரான் விரியும். 20 மி.மீ. ஷாஃப்ட் வெட்டின் சூட்டில் 30 டிகிரி ஏறியிருந்தால் விரிவு 7 மைக்ரான். நீங்கள் பார்த்த வித்தியாசம் அப்படியே அதுதான். கே6-இன் மொத்த இடைவெளி 13 மைக்ரான் என்று டர்னர் அண்ணன் சொன்னார், அதில் பாதியைச் சூடே சாப்பிட்டுவிடுகிறது. நல்லவேளையாக ஆறிய பிறகும் உங்கள் ஷாஃப்ட் அளவுக்குள்தான் நிற்கிறது.

நீள அளவுகளுக்கெல்லாம் பொது வெப்பநிலை 20 டிகிரி என்று 1931-இல் உலக அளவில் ஒப்புக்கொண்டார்கள். நம்மூரில் மார்கழி விடியற்காலையில்தான் அதன் பக்கத்திலாவது வரும். கத்திரி வெயிலில் பட்டறைக்குள் 38, 40 சாதாரணம். ஆனால் பயப்பட வேண்டாம். மைக்ரோமீட்டரும் எஃகு, ஷாஃப்ட்டும் எஃகு. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரியும், ரீடிங் சரியாகவே வரும். ஒன்று சூடாகவும் ஒன்று குளிர்ந்தும் இருக்கக் கூடாது, அதுதான் முக்கியம்.

பித்தளையும் அலுமினியமும் வேறு கணக்கு. பித்தளைக்கு 19, அலுமினியத்துக்கு 23. நாற்பது டிகிரியில் 100 மி.மீ. அலுமினியத் துண்டை எஃகுக் கருவியால் அளந்தால், இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும், 20 டிகிரியில் இருப்பதை விட 23 மைக்ரான் கூட்டிக் காட்டும். உங்கள் பித்தளைக் குமிழுக்கு இது பொருட்டே இல்லை. பித்தளை புஷ்ஷை இறுக்கமாக ஏற்றும்போது மட்டும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வீட்டிலேயே நல்ல அளவு அறை இருக்கிறது. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை. வளவை ஒட்டிய உள்ளறையில் மத்தியான வெயில் சட்டென்று ஏறாது. கருவியையும் கடைந்த துண்டையும் ஒரே மேஜையில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு அப்புறம் அளந்து பாருங்கள். மைக்ரோமீட்டரின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டைப் பிடித்தே அளக்க வேண்டும், உள்ளங்கைச் சூடு சட்டத்துக்கு ஏறாமல் இருக்கத்தான் அது.

புதுவயல்_டர்னர்:

வேலை அவசரம் என்றால் நான் கடைசி வெட்டுக்கு 0.2 விட்டு நிறுத்தி, கூலன்ட் ஊற்றி, துண்டைக் கையால் தொட்டால் சூடே தெரியாத வரைக்கும் ஆறவிட்டு, அதன் பிறகுதான் கடைசி வெட்டை எடுப்பேன். கடைசி வெட்டு மெல்லியது, அதில் சூடு ஏறாது. குறுக்கு ஸ்லைடில் 0.05 உள்ளே தள்ளினால் விட்டம் 0.1 குறையும், அந்த இரட்டிப்பை மறக்காமல் கணக்குப் போடுங்கள். சில லேத்களில் டயலிலேயே விட்டக் கணக்கு போட்டிருக்கும், உங்களுடையது எது என்று ஒரு துண்டைக் கடைந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மிச்சப் பணத்தில் அடுத்து வாங்க வேண்டியது 0.01 டயல் கேஜும் மேக்னெட் ஸ்டாண்டும். பேரிங் இடம் சரியான விட்டத்தில் இருந்தாலும், ஷாஃப்ட்டின் மற்ற பகுதியோடு ஒரே மையத்தில் இல்லையென்றால் கிரைண்டர் அதிரும். லேத்தில் துண்டைப் பிடிக்கும் மூன்று தாடை சக்கில் அதைத் திருப்பிப் பிடித்தால் மையம் மாறும். டயலை வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முள் மொத்தம் 0.10 ஆடினால் மையம் 0.05 விலகியிருக்கிறது என்று அர்த்தம். நான்கு தாடை சக் இருந்தால் டயலைப் பார்த்தபடியே எதிரெதிர்த் தாடைகளைத் தளர்த்தி இறுக்கி முள்ளை நிறுத்திவிடலாம். பழகினால் ஐந்து நிமிட வேலை.

பள்ளத்தூர்_தரம்:

டயல் வாங்கும்போது நெம்புகோல் வகையும் கண்ணில் படும். சின்ன முனை, உள் துளைக்குள்ளும் போகும், மையம் பார்க்க அருமை. ஆனால் முனை பரப்போடு கிட்டத்தட்ட இணையாகப் படுத்திருக்க வேண்டும். 30 டிகிரி தூக்கி நின்றால் அது காட்டுவதை 0.87-ஆல் பெருக்கினால்தான் உண்மை அளவு. மையம் பார்க்க இது பரவாயில்லை, முள் அசையாமல் நின்றால் போதும். அளவு எடுக்க வேண்டும் என்றால் கோணத்தைப் பாருங்கள். முதலில் வாங்குவது நேராக இறங்கும் பிளஞ்சர் வகையாகவே இருக்கட்டும்.

ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். காந்தம் வலுவில்லாமல், கம்பி ஒல்லியாக இருந்தால், ஸ்டாண்டின் ஆட்டத்தையும் ஷாஃப்ட்டின் ஆட்டம் என்று படித்துவிடுவோம்.

கோட்டையூர்_தச்சு:

துருவைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். என் உளி, இழைப்புளி எல்லாம் தேங்காய் எண்ணெயில் ஓட்டிவிடுகிறேன். மைக்ரோமீட்டருக்கு அது சரிப்படாது என்று நினைக்கிறேன்.

தேவகோட்டை_பிசிக்ஸ்:

தேங்காய் எண்ணெய் நாளாகப் பிசுபிசுக்கும், திருகில் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும்.

உலோக அரிப்பு உட்பட மின்வேதியியலை ஆராயும் ஒரு தேசிய நிறுவனம் நம் காரைக்குடியில் இருக்கிறது. சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்தார்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது. துரு என்பது ஒரு மின்வேதி வினை, ஈரமும் அதில் கரைந்த உப்பும் இருந்தால் வேகம் பிடிக்கும். நம் பட்டறையில் அந்த ஈரமும் உப்பும் பெரும்பாலும் வியர்வைதான். அளந்து முடித்ததும் விரல்பட்ட இடத்தைத் துடைப்பது மற்ற எல்லா மருந்தையும் விட முக்கியம். பெட்டிக்குள் ஒரு துரு தடுப்புத் தாளும் போட்டு வைக்கலாம்.

மைக்ரோமீட்டரின் இரண்டு முகமும் தொட்டபடி மூடி வைக்கக் கூடாது, ஒரு மி.மீ. திறந்து வையுங்கள். இடுக்கில் ஈரம் நின்றால் முதலில் துருப்பிடிப்பது அந்த முகங்கள்தான். டிஜிட்டல் வெர்னியர் பேட்டரிக்கு எல்.ஆர்.44-ஐ விட எஸ்.ஆர்.44 நல்லது, அதன் வோல்டேஜ் தீரும் வரை அதிகம் இறங்காது. மலிவு வெர்னியர்கள் அணைத்த பிறகும் மின்சாரம் இழுக்கும், நீண்ட நாள் தொடாமல் வைப்பதென்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கானாடுகாத்தான்_கடைசல்:

கிரைண்டர் ஷாஃப்ட் முடிந்தது. தேய்ந்திருந்த இடத்தில் வெல்டிங் ஏற்றி, ஆறவிட்டு, நீங்கள் சொன்னபடி கடைசி வெட்டு எடுத்தேன். ராத்திரி முழுக்க உள்ளறையில் வைத்துக் காலையில் அளந்தேன். தோள் பக்கம் 20.009, நடுவில் 20.007, வெளி முனையில் 20.004. கால் சுற்றுத் திருப்பினால் ஒரு மைக்ரானுக்கு மேல் வித்தியாசம் இல்லை. கொஞ்சம் கூம்பாகப் போகிறதே, விட்டுவிடலாமா?

அடுத்து ஹவுசிங் துளை 47 மி.மீ. அது எப்படி அளப்பது? வெர்னியரின் மேல் தாடையில் பார்க்கலாமா?

புதுவயல்_டர்னர்:

மூன்றும் 20.002-க்கும் 20.015-க்கும் உள்ளே இருக்கின்றன. பேரிங்கின் அகலம் 14 மி.மீ.தான், அந்த நீளத்தில் 5 மைக்ரான் கூம்பு கிரைண்டருக்குப் பாதகம் இல்லை. வெளி முனை சிறிதாக இருப்பதால் பேரிங் ஏறவும் சுலபம். தொடாமல் விடுங்கள். பேரிங்கை ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் குழாய் வைத்துத் தள்ளுங்கள், வெளி வளையத்தில் தட்டினால் இவ்வளவு பார்த்துச் செய்ததும் வீண்.

துளைக்கு வெர்னியர் மேல் தாடை வேண்டாம். தாடை ஓரத்தில் தட்டையான பகுதி இருக்கும், வளைந்த சுவரில் அது முழுதாக ஒட்டாது, சின்னத் துளைகளில் அளவு குறைந்தே காட்டும். ஹவுசிங் துளைக்கு எச்7 (கே6 மாதிரி துளைக்கான குறியீடு) என்றால் 47.000-லிருந்து 47.025 வரை. டெலஸ்கோப்பிக் கேஜ் ஒரு செட் வாங்குங்கள், விலை குறைவு. துளைக்குள் கொஞ்சம் சாய்வாக விட்டு, கைப்பிடித் திருகை லேசாக இறுக்கி, சாய்ந்த பக்கத்திலிருந்து நேராக்கி மறுபக்கம் வரை ஒரே தடவை மெதுவாக ஆட்டுங்கள். கேஜ் தானாகச் சுருங்கித் துளையின் விட்டத்தில் நிற்கும். திரும்ப ஆட்டாமல் அப்படியே வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். இந்த இடத்தில் ராட்செட்டை நம்பாதீர்கள், அது கேஜை இன்னும் அமுக்கிவிடும். தம்பிளை விரல் நுனியில் திருப்பி, முகம் தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். குழம்புக்கு உப்புப் பார்க்கிற நாக்கு மாதிரி, விரலுக்கும் செய்யச் செய்யத்தான் பதம் தெரியும். பேரிங்கின் உள் துளையிலேயே பழகுங்கள், அதன் அளவுதான் நமக்குத் தெரியுமே. 6204-இல் 20-லிருந்து 10 மைக்ரானுக்கு மேல் குறையாது. உங்கள் கைக்கும் அதே அளவு திரும்பத் திரும்ப வந்தால் ஹவுசிங்கை அளக்கப் போகலாம்.

ஆனால் 47-ஐ அளக்க 25-50 மைக்ரோமீட்டர் வேண்டும், உங்களிடம் இருப்பது 0-25.

பள்ளத்தூர்_தரம்:

அவசரம் இல்லையென்றால் வாங்கிவிடுங்கள் அண்ணே. அவசரம் என்றால் கையில் இருக்கும் வெர்னியரை ஒப்பீட்டுக் கருவியாக வைத்துக்கொள்ளலாம். புது பேரிங்கின் 47 மி.மீ. வெளி விட்டத்தை வெர்னியரின் கீழ்த் தாடையில், மேலே ஒட்டிய இடத்தில் பிடித்து, அங்கே சுழியை அமுக்குங்கள். பிறகு அதே இடத்தில், அதே அழுத்தத்தில் டெலஸ்கோப்பிக் கேஜைப் பிடித்தால் வித்தியாசம் மட்டும் திரையில் வரும். 25 மைக்ரான் இடைவெளிக்கு இது எல்லையில் நிற்கும் முறைதான். அதனால் முடிவைப் பேரிங்கிடமே விடுங்கள். துளையைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளி வளையம் கையால் தள்ள நேராக உள்ளே போய், உட்கார்ந்த பிறகு ஆட்டிப் பார்த்தால் ஆடாமல் நிற்க வேண்டும். தானாக விழுந்தால் துளை பெரிது.

கானாடுகாத்தான்_கடைசல்:

கையால் தள்ளினேன், நேராகப் போனது, ஆட்டம் இல்லை. வித்தியாசம் 0.01 காட்டியது. 25-50-ம் ஆர்டர் போட்டுவிட்டேன், அக்கா வீட்டு மோட்டாரில் 6205 காத்துக்கொண்டிருக்கிறது. வந்ததும் செட்டிங் ராடை வைத்துச் சுழி பார்த்துவிட்டு இங்கேயே ரீடிங் போடுகிறேன்.